மயிலாப்பூரில் குடியேறும் செலவு

சென்னையில் வீடு கிடைக்காமைக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: கட்டடங்கள் போதவில்லை, பழைய வாடகைக் கட்டுப்பாடு வீட்டுக்காரர்களின் ஆர்வத்தைக் கெடுத்துவிட்டது. மயிலாப்பூரைப் பொறுத்தவரை இரண்டும் பாதி உண்மையே. அங்கே நடுத்தரக் குடும்பத்தை வெளியே நிறுத்துவது மாத வாடகையைக் காட்டிலும், குடியேறும் நாளில் ஒட்டுமொத்தமாக எண்ணி வைக்க வேண்டிய தொகைதான். அதற்கு இடம் கொடுத்திருப்பது சட்டம்.

முதலில் கட்டடம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமில்லாக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 3,600 சதுர அடிக்குப் பதில் 4,800 சதுர அடி எழுப்பலாம். ஜாயின்ட் வென்ச்சர் கணக்கில் மனைக்காரருக்கு இரண்டு, பில்டருக்கு இரண்டு என நான்கு ஃபிளாட்டுகள் வரும். இடிபடுவதற்கு முன் அத்தகைய மனையில் என்ன இருந்தது? தெருப்பக்கம் வீட்டுக்காரர், ரேழியைத் தாண்டினால் முற்றத்தைச் சுற்றி, ஓர் அறையும் சமையற்கட்டுமாக ஐந்தாறு ஒண்டுக்குடித்தனங்கள், கொல்லையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். விடிந்தால் வாளியோடு வரிசை. அந்த வாழ்க்கைக்காக ஏங்குபவர்கள் அதில் வாழாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பரப்பு பெருகியும் அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் குறைந்தன என்பதை மறைக்க முடியாது. குறியீடு ஏறினால் மனைக்காரர் கேட்கும் பங்கும் ஏறுகிறது. ஆதாயத்தை மண்ணின் விலை விழுங்கிவிடுகிறது.

இனி வாடகை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல கேடுகளைச் செய்தது. நியாய வாடகை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன, வீடுகள் பழுது பார்க்கப்படாமல் இற்றன. எனினும் முன்பணத்தை அது ஒரு மாத வாடகைக்குள் நிறுத்தியிருந்தது. அதன் இடத்தைப் பிடித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று மாத வரம்பை வைத்தது. மாறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று விலக்கும் வைத்தது. வீடு தேடி அலைபவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுப்பார்? பத்து மாத அட்வான்ஸ் இன்னும் புழக்கத்தில் இருப்பதில் வியப்பில்லை.

கணக்குக்காக வாடகை 25,000 ரூபாய் என்று கொள்வோம். அட்வான்ஸ் இரண்டரை லட்சம், புரோக்கருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை: மொத்தம் மூன்று லட்சம். மூன்று மாத வரம்பு விலக்கின்றி இருந்தால் 1,25,000 போதும். இதில் கவனிக்க வேண்டியது, வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் பலன் சிறிது என்பது. இரண்டரை லட்சத்தை 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 17,500 ரூபாய், மாதம் 1,500-க்கும் குறைவு. அவ்வளவையும் வாடகையில் ஏற்றினால்கூடப் பல குடும்பங்கள் சமாளிக்கும்; மூன்று லட்சத்தை ஒரே நாளில் புரட்ட அவர்களால் ஆகாது.

பின் ஏன் பெரிய அட்வான்ஸ்? குடித்தனக்காரர் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்ற வீட்டுக்காரரின் அச்சம் நியாயமானதே. அதற்குத்தான் அதே சட்டம் வாடகை நீதிமன்றங்களை அமைத்தது. வரம்பைக் கண்டிப்பாக்குவதில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. வாங்கிய அட்வான்ஸ் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் இருப்பதில்லை. மகள் கல்யாணத்திலோ மாடி கட்டியதிலோ போயிருக்கும். போகிறவருக்குக் கொடுக்கும் பணம் வருகிறவர் கொடுப்பதுதான். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டாலும் மீதியைத் திருப்பியாக வேண்டும். விலக்கை ஒரேயடியாக நீக்கினால், அடுத்த முறை வீடு காலியாகும்போது ஆறேழு மாத வாடகையை வீட்டுக்காரர் தன் கையிலிருந்து எடுத்து வைக்க நேரும். ஓய்வூதியத்தையும் ஒரு போர்ஷன் வாடகையையும் நம்பி வாழும் முதியவர்கள் மயிலாப்பூரில் உண்டு. ஆகவே கண்டிப்பான வரம்பைப் புதிதாகக் கட்டி முடியும் ஃபிளாட்டுகளில் தொடங்கலாம்: அவற்றில் திருப்பித் தர வேண்டிய பழைய அட்வான்ஸ் எதுவும் இல்லை.