மலைத்தோட்டத் தமிழரும் சட்டச் சொற்களும்

தோற்றுவாய்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சென்று, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடியை அடையலாம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலை, விடுமுறை நாள்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் மூடுபனி காணச் செல்லும் இடமாகும். இதே மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்பது அகத்தியர் கூடம். தமிழுக்கு முதல் இலக்கணம் வகுத்தவர் என மரபு போற்றும் அகத்திய முனிவர் உறைந்த பொதிகை இதுவே என்பர்.

அம்முனிவர் மலையின் சாரலிலேயே, பொன்முடிச் சரிவிலும் போணக்காட்டிலும், தேயிலைத் தோட்ட லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. இலக்கண ஆசானின் மலையில் அவர்கள் கற்க நேர்ந்ததோ வேறொரு மொழியின் சொற்கள். அவை காவியச் சொற்கள் அல்ல. சட்டத்தின் சொற்கள், அரசாணையின் சொற்கள், குடியுரிமை விண்ணப்பத்தின் சொற்கள்.

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார் தொல்காப்பியர். மலைத்தோட்டத்திற்கு வந்த ஆங்கிலச் சொற்களையும் திசைச்சொற்கள் எனக் கொள்வதில் தவறில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பள்ளியில் பயில்வோர் முதலில் சொல்லின் பொருளை அறிவர். அதன் பயனைப் பின்னர் காண்பர். தோட்டத் தமிழரோ முதலில் சொல்லின் விளைவை அனுபவித்தனர். பொருளைப் பின்னரே அறிந்தனர். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செலுத்திய விலை எத்துணை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்பணமும் ஒப்பந்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குமலைத் தொடரில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிராகத் தொடங்கியபோது, ஆள் திரட்டும் பணி கங்காணிகளிடம் விடப்பட்டது. கங்காணி ஊருக்கு வந்து 'அட்வான்சு' கொடுப்பார். பஞ்சத்தில் வாடிய குடும்பத்திற்கு அது அரிசியாகத் தெரிந்தது. சட்டத்தின் கண்ணுக்கோ அது ஒப்பந்தமாகத் தெரிந்தது. 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் சட்டப்படி, முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டு நீங்குவது வெறும் கடன் தவறுதல் அன்று, தண்டனைக்குரிய குற்றம். திருவிதாங்கூர் அரசிலும் இதனையொத்த ஒப்பந்த மீறல் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1925 இல்தான் இயற்றப்பட்டது.

கைந்நாட்டு வைத்தவர் தாம் கடன் வாங்கியதாக எண்ணினார். தம் உழைப்பையே பிணையாக எழுதிக் கொடுத்ததை அறிந்திலர். 'வாரண்டு' என்னும் சொல் தோட்டத்துத் தமிழில் அச்சத்தின் மறுபெயராகப் புகுந்தது இவ்வாறே எனலாம்.

வம்சாவளியா, பதிவா?

மேற்குமலைக்கு ஆள் சென்ற அதே காலத்தில், நெல்லை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து இலங்கையின் கண்டி மலைகளுக்கும் சென்றனர். அக்கிளையில் ஒரு பகுதியினர் பின்னாளில் பொன்முடிக்கு வடக்கேயுள்ள குளத்துப்புழைக் காடுகளுக்கே திரும்பி வந்து சேர்ந்தமையால், அவர்தம் வரலாற்றையும் இங்கு நோக்குதல் வேண்டும்.

இலங்கை விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே அங்கே 18 ஆம் எண் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. அது குடிமக்களை இரு வகையாகப் பிரித்தது: வம்சாவளிக் குடிமகன், பதிவுக் குடிமகன். அந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது; தந்தையும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும். லயத்தில் பிறந்த குழந்தைக்கே பிறப்புச் சான்று அரிதாயிருந்த காலத்தில், பாட்டனின் பிறப்பை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? அச்சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. 'வம்சாவளி' என்னும் ஒரு பொதுச்சொல்லே போதுமானதாயிற்று. 1949 இல் வாக்குரிமையும் குடிமக்களுக்கே என்றாயிற்று. இச்சட்டங்களை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953 இல் தோற்றது.

பதிவு பெற விரும்புவோர்க்கென 1949 இல் தனிச்சட்டம் ஒன்று வந்தது. 1946 சனவரி 1 க்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வசித்திருத்தல் வேண்டும் என அது விதித்தது. ஒரே முறையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஊருக்குச் சென்று தங்கியிருந்தால் 'இடையறாத வாசம்' அறுந்துபோகும். தமக்கை திருமணத்திற்கும் தாயின் இறுதிக்கடனுக்கும் தாயகம் வந்து, பயணச் செலவுக்குப் பணமின்றித் தங்கிவிட்டவர் எத்தனையோ பேர். உறவைப் பேணிய செயலே அவர்க்கு எதிரான சான்றாயிற்று! சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. பதிவு கிட்டியதோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே.

இந்திய அரசியலமைப்பின் 8 ஆம் உறுப்பு, பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ இந்தியாவில் பிறந்திருந்தால், அயல்நாட்டில் வாழ்வோர் இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமக்கள் ஆகலாம் என்றது. ஆயினும் பதிந்தவர் மட்டுமே குடிமகன். பதியாதவர் இரண்டு நாட்டுக்கும் அயலார். 'நாடற்றவர்' என்னும் சொல் இவ்விடைவெளியில் பிறந்ததே. நடக்க நிலமும் உழைக்கத் தோட்டமும் இருந்தும் நாடு இல்லை என்பதை ஒரு மனிதன் எப்படிப் புரிந்துகொள்வான்?

தாயகம் திரும்பியோரும் அகதிகளும்

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தப்படி வந்தோர் இந்தியக் கடவுச்சீட்டுடன் வந்தனர். அவர்களைக் கோப்புகள் 'ரிபாட்ரியேட்' என்றன. தமிழில் 'தாயகம் திரும்பியோர்' என்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்டதேயில்லை. கண்ணால் காணாத ஊருக்கு எப்படித் 'திரும்ப' இயலும் என்று எவரும் வினவவில்லை.

அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இன்னொரு பகுதியினர் கேரளத்திற்கு வந்தனர். பொன்முடியின் அடிவாரத்திலிருந்து பாலோடு, மடத்தறை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் குளத்துப்புழை வரும். அங்கும் ஆயிரநல்லூரிலும் அவர்களுக்கென ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. மத்திய அரசும் கேரள அரசும் கூட்டாக 1976 இல் நிறுவிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு அவற்றை நடத்துகிறது. தேயிலை கிள்ளிய கைகள் ரப்பர் பால் வெட்டப் பழகின.

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் வந்தவர்களின் நிலை வேறு. அவர்களுள்ளும் மலையக வழியினர் பலர் உண்டு. ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் 1975 இல் கடவுச்சீட்டுடன் வந்திருந்தால் அவர் 'தாயகம் திரும்பியவர்'. தம்பி 1984 இல் தோணியில் வந்திருந்தால் அவர் 'அகதி'. அண்ணனுக்கு வாக்குரிமை உண்டு. தம்பிக்கு முகாம் உண்டு. 2003 இல் இந்தியக் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, உரிய ஆவணமின்றி நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என வரையறுக்கப்பட்டார். அச்சொல்லின் கீழ் வருவோர்க்குப் பதிவு வாயிலும் அடைபட்டது. மறுபுறம், 1987 சூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்னும் விதியும் அச்சட்டத்தில் உள்ளது. முகாமில் பிறந்த ஒருவர் இவ்விதியை எடுத்துக்காட்டி, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2022 இல் கடவுச்சீட்டுப் பெறும் உரிமையை நிலைநாட்டினார். ஒரு சொல் அடைத்த கதவை மற்றொரு சொல் திறந்தது. அதனை அறிந்தவர்க்கே திறந்தது.

இலங்கையோ 1986, 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. 1948 இல் தொடங்கிய சொல் தகராறு தீர ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

'வழக்கமாக வசிப்பவர்'

இவை யாவும் கடலுக்கு அப்பாலுள்ள கதை என்று நாம் அமைதி கொள்ள இயலாது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பொன்முடி கேரளத்தில் நின்றது. அன்றுவரை திருவிதாங்கூர்க் குடிகளாகவே இருந்த தமிழர், இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே 'மொழிச் சிறுபான்மையினர்' ஆயினர்.

பட்டியல் சாதியினர்க்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10 ஆம் நாளது. அதிலுள்ள பட்டியல் மாநிலந்தோறும் வேறானது. 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரையில்' என்பதே அரசியலமைப்பின் 341 ஆம் உறுப்பிலுள்ள சொற்றொடர். ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால் அத்தகுதி உடன்வாராது என 1990 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தோட்டக் குடும்பத்துப் பிள்ளை கல்லூரிச் சலுகை வேண்டினால், தன் முன்னோர் 1950 க்கு முன்பே இம்மாநிலத்தில் 'வழக்கமாக வசித்தவர்' என்று காட்ட வேண்டியிருக்கிறது. தேவிகுளம் தனித்தொகுதித் தேர்தலைக் கேரள உயர்நீதிமன்றம் 2023 இல் செல்லாதெனக் கூறியது. 2025 இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவ்வழக்கிலும் குடும்பம் தோட்டத்திற்கு வந்த காலம் எது என்பது ஆராயப்பட்டது. 1950 இல் இலங்கையில் இருந்த குளத்துப்புழைக் குடும்பம் எதனைக் காட்டும்? கண்டியில் 'இடையறாத வாசம்' என்று துரத்திய வினாவே, கடல் தாண்டி வந்தும் 'வழக்கமான வாசம்' என்று எதிரே நிற்கிறது.

'ஆர்டினரிலி ரெசிடெண்ட்' என்னும் இத்தொடரை எளியதென எண்ணி நாமும் படிவங்களில் கடந்து விடுகிறோம். 1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20 ஆம் பிரிவில் இதற்கு விளக்கம் தருகிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகார். தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதால் மட்டும் அத்தகுதியை இழந்தவரும் ஆகார். பணி மாற்றத்தாலும் பிழைப்பாலும் ஊர்விட்டு ஊர் வாழும் நம் போன்றோர் அனைவரும் கருத்திற் கொள்ளவேண்டிய விளக்கம் இது.

முடிவுரை

மத்திய அரசு அலுவலகக் கோப்புகளோடு நாள்தோறும் பழகும் நாம் ஒன்றை உறுதியாகக் கூறலாம். கோப்பு மனிதனைக் காண்பதில்லை. அவனைக் குறித்த சொல்லையே காண்கிறது. எனவே தன்னைக் குறிக்கும் சொல் எது, அதன் பொருள் யாது, அதற்குச் சான்று எங்கே என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழுக்கு இச்சொற்களைத் தாங்கும் வலிமை இல்லாமலில்லை. குடியுரிமை, கடவுச்சீட்டு, குடிவரவு, குடியகல்வு எனத் தெளிந்த சொற்கள் நம்மிடம் உண்டு; பின்னிரண்டும் இலங்கையில் அரசுத் துறையின் பெயரிலேயே வழங்குகின்றன. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் தமிழ்ச் சிறுபான்மையினர்க்கு உரிமை தந்துள்ளது; சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். உரிமை ஏட்டில் உள்ளது, எழுதுவார்தாம் வேண்டும்.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் கவியரங்கமும் பட்டிமன்றமும் நடத்துகின்றன, நன்று. அவற்றோடு ஆண்டில் இரண்டு நாளேனும் படிவம் நிரப்பத் தெரிந்த அன்பர்கள் போணக்காட்டுக்கும் குளத்துப்புழைக்கும் செல்லட்டும். லயத்துத் திண்ணையில் அமர்ந்து, பழைய கடவுச்சீட்டையும் தோட்டத்துப் பதிவேட்டு நகலையும் பள்ளிச் சான்றையும் அடுக்கி வைத்து, ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் கூறட்டும். பாட்டன் கைந்நாட்டு வைத்த தாளைப் பேரன் படித்துப் பொருள் சொல்லும் நாளே, அகத்தியர் மலைச்சாரலில் தமிழ் மெய்யாகவே வாழும் நாள் ஆகும். அந்நாளை விரைவுபடுத்துவது நம் கடமை.