சோலார் பேனல் விலை ஆளுக்கு ஒரு ரேட் ஏன்? பணம் கட்டும் முன்பு கரண்ட் பில்லைப் பாருங்க!

பள்ளிபாளையம்:

தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் ஊர் பள்ளிபாளையம். தறி ஓட கரண்ட் வேண்டும். அதனால் ‘சோலார் போட்டா பில்லே வராதுங்க’ என்று ஒருவர் வந்து சொன்னால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் ஒரே 3 கிலோவாட்டுக்கு ஒருவர் ஒன்றே கால் லட்சம் என்கிறார், இன்னொருவர் 2 லட்சம் என்கிறார். கடன் வாங்கி மாட்டுகிறவர்கள் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து கொள்வது அவசியம்.

மணலில் இருந்து பேனல்

பேனலின் மூலப்பொருள் சிலிக்கான். வெண்கல் மணலைக் கடும் சூட்டில் உருக்கிச் சுத்தம் செய்து, கட்டியாக்கி, அப்பளம் போல மெல்லிசாக அறுத்து செல் செய்கிறார்கள். இதற்கு ஏராளமான மின்சாரம் பிடிக்கும். செல்லின் மேல் ஓடும் கோடுகளுக்கு வெள்ளி, சட்டத்துக்கு அலுமினியம், மேலே கெட்டிக் கண்ணாடி. இவற்றில் எது விலை ஏறினாலும் பேனல் விலையும் ஏறும்.

உலகத்தில் பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. அங்கு உற்பத்தி பெருகியதால்தான் விலை சரிந்தது. 1977-ல் ஒரு வாட் செல்லின் விலை சுமார் 76 டாலர். இன்று பேனலாகவே உலகச் சந்தையில் ஒரு வாட் அரை டாலர் கூட இல்லை.

அப்படியானால் இங்கு ஏன் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை? உள்நாட்டுத் தொழிலைக் காக்க மத்திய அரசு 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் சுங்க வரி போட்டது. 2025 பட்ஜெட்டில் வரியின் அமைப்பு மாறினாலும் சுமை பெரிதாகக் குறையவில்லை. டாலர் ஏறினாலும் விலை ஏறும்.

அதே நேரத்தில் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பேனல் பாதி, மற்றது மீதி

மொத்தச் செலவில் பேனலின் பங்கு சுமார் பாதிதான். இன்வெர்ட்டர், இரும்பு ஸ்டாண்டு, ஒயர், எர்த்து, இடிதாங்கி, ஆள்கூலி எல்லாம் சேர்ந்து மீதியை விழுங்கிவிடும். மலிவாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கை வைப்பது இங்குதான். ஸ்டாண்டு மெலிசாக இருந்தால் காற்று மழைக்குத் தாங்காது.

காங்கிரீட் மாடி என்றால் செலவு குறைவு. சிமெண்ட் ஷீட், ஓடு போட்ட தறிப்பட்டறை என்றால் பாரம் தாங்க தனியாக இரும்பு வேலை செய்ய வேண்டும். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் பிடிக்கும். பட்டறை பக்கத்தில் பஞ்சுத் தூசி படியும் என்பதால், துடைக்க ஆள் ஏறி இறங்க வழியும் வேண்டும்.

‘கரண்ட் போனாலும் ஓடுமா?’ என்று கேட்பவர்கள் அதிகம். பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்க்கும் சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பேட்டரி வைத்தால் ஓடும், ஆனால் செலவு எகிறும்.

மானியம் யாருக்கு?

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் (2024 பிப்ரவரி) 1 கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம், 2-க்கு ரூ.60 ஆயிரம், 3-ம் அதற்கு மேலும் ரூ.78 ஆயிரம் மானியம். அரசு கணக்குப்படி 3 கிலோவாட்டின் அடிப்படை விலை ரூ.1 லட்சத்து 45 ஆயிரம்.

இது வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். தறி இணைப்புக்குக் கிடையாது. செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். அந்தப் பேனல் விலை சற்றுக் கூடுதல். மானியம் இல்லாத பேனலின் ரேட்டையும் இதன் ரேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும்.

8 தறி வரை வைத்திருந்த சிறு விசைத்தறியாளர்களுக்கு 2017 ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் 50 சதவீதமும், எஸ்.சி. பிரிவினருக்கு 75 சதவீதமும், எஸ்.டி. பிரிவினருக்கு 90 சதவீதமும் சோலார் மானியம் இருந்தது. அந்தத் திட்டம் 2021 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதன் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் உஷாராக இருக்க வேண்டும்.

லாபமா, நஷ்டமா?

தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 மாதத்துக்கு 240 யூனிட்.

2 மாதத்தில் 800 யூனிட் ஓட்டும் வீட்டில் 501-வது யூனிட்டில் இருந்து ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். அங்கு 240 யூனிட் குறைந்தால் ஒரு பில்லுக்குச் சுமார் 2 ஆயிரம் ரூபாய் மிச்சம். அடிப்படை விலை 50 ஆயிரத்தில் மானியம் போக கையில் இருந்து போடும் 20 ஆயிரம் ரூபாய் 2, 3 வருஷத்தில் திரும்பிவிடும்.

150 யூனிட் ஓட்டும் வீட்டில் 100 யூனிட் இலவசம் போக மொத்த பில்லே நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். அந்த வீட்டில் பில்லில் மிச்சமாகும் பணத்தை வைத்துப் போட்ட முதலை எடுக்க கால் நூற்றாண்டு ஆகும்.

தறிக்கும் இதே கணக்குதான். 2023 மார்ச் 1-ந் தேதி முதல் விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். முன்பு இது 750. அந்த அளவுக்குள் ஓட்டும் சின்னப் பட்டறைக்காரர் கடன் வாங்கி சோலார் போட்டால், வட்டிதான் மிஞ்சும்.

கேட்க வேண்டியவை

ஒரு வாட் என்ன விலை, வரி சேர்த்தா? எந்தக் கம்பெனி பேனல், எந்த இன்வெர்ட்டர்? பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனியாக எத்தனை வருஷம் கேரண்டி? நெட் மீட்டர் செலவு உள்ளேயா, வெளியேயா? இவற்றை எழுத்தில் வாங்கிக் கொண்டு 3 இடத்தில் விசாரிக்கலாம்.

அதற்கும் முன்னால் வீட்டில் இருக்கும் கடைசி 6 கரண்ட் பில்லை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தால், சோலார் வேண்டுமா வேண்டாமா என்பது பாதி தெரிந்துவிடும்.