கனடாவில் கட்டணமில்லாத் தொலைக்காட்சியும் ஐஸ் ஹாக்கியும்

சந்தா கட்டாமல் வீட்டிலிருந்தே தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) ஆட்டங்களைப் பார்க்கும் வழக்கம் கனடாவில் 1952 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு முன்பே ஃபாஸ்டர் ஹியூவிட்டின் வானொலி வர்ணனை சனிக்கிழமை இரவை ஹாக்கிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி அந்த இரவைப் படத்தோடு தன் கைக்குக் கொண்டுவந்தது. 'ஹாக்கி நைட் இன் கனடா' என்ற அந்த நிகழ்ச்சி 1995 முதல் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களைக் காட்டுகிறது. கிழக்கு நேரப்படி இரவு 7 மணிக்கு ஒன்று, 10 மணிக்கு மேற்கு மாகாண அணிகளின் ஆட்டம் ஒன்று. டொரன்டோவில் ஜன்னலோரம் ஒரு சிறிய ஆண்டெனாவை வைத்தால் போதும், சி.என். கோபுரத்திலிருந்து சிபிசி 5.1 என்ற எண்ணில் வந்துவிடும். திரையில் பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தோன்றாது. ஆனால் 2014-க்குப் பிறகு அந்த ஆட்டங்கள் சிபிசியில் வருவது சிபிசியின் உரிமையாலும் அல்ல, நாட்டின் சட்டத்தாலும் அல்ல. உரிமையை வைத்திருக்கும் தனியார் நிறுவனத்துக்கு அது வசதியாக இருப்பதால் வருகிறது. இலவச ஹாக்கியின் எதிர்காலத்தை இந்த இடத்திலிருந்துதான் கணிக்க வேண்டும்.

2013 நவம்பரில் ரோஜர்ஸ் நிறுவனம் என்எச்எல்லின் கனடிய தேசிய ஒளிபரப்பு உரிமை முழுவதையும் 12 ஆண்டுகளுக்கு 523 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. சிபிசிக்குக் கிடைத்தது துணை உரிமம் மட்டுமே. அதற்காகச் சிபிசி பணம் கட்ட வேண்டியதில்லை. பதிலுக்கு, நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தை ரோஜர்ஸ் முடிவு செய்யும், விளம்பர வருவாயும் ரோஜர்ஸுக்கே போகும். இந்த ஏற்பாடு எவ்வளவு விசித்திரமானது என்றால், ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி, சிபிசி நிலையங்களின் வழியே ஹாக்கி நேரத்துக்கு மட்டும் இயங்கும் ஒரு பகுதிநேர வலையமைப்புக்கான உரிமத்தை ரோஜர்ஸின் ஸ்போர்ட்ஸ்நெட்டுக்குத் தனியாக வழங்க நேர்ந்தது. அரசு நிறுவனத்தின் அலைவரிசையில் சனிக்கிழமை இரவு சட்டப்படி வேறொருவரின் சேனல் ஓடியது. ஹாக்கி விளம்பரப் பணம் போனதும், மற்ற நிதி நெருக்கடிகளும் சேர்ந்து, 2014 ஏப்ரலில் சிபிசி 657 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. தொழில்முறை விளையாட்டு உரிமைகளுக்கு இனிப் போட்டியிடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டது.

அன்று ரோஜர்ஸ் சிபிசியை விட்டுவைத்ததற்குக் காரணம் தெளிவானது. ஹாக்கி என்றால் சிபிசி என்று பழகிய பார்வையாளர்களை ஒரே இரவில் ஸ்போர்ட்ஸ்நெட்டுக்கு இழுக்க முடியாது. விளம்பரதாரர்களுக்குக் காட்ட பெரிய எண்ணிக்கையும் வேண்டும். 2017 டிசம்பரில் அந்த ஏற்பாடு 2025-26 பருவம் வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் 2025 ஏப்ரலில் ரோஜர்ஸ் கையெழுத்திட்ட அடுத்த ஒப்பந்தம் 2026-27 முதல் மேலும் 12 ஆண்டுகளுக்கு 1,100 கோடி டாலர். ஆண்டுக்குச் சுமார் 43.6 கோடியாக இருந்த செலவு இப்போது ஏறத்தாழ 92 கோடி. இவ்வளவு கொடுத்து வாங்கியவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்த்து, இதைச் சந்தாவுக்குப் பின்னால் வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியாது. கணக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது: 2024-25 முதல் இரண்டு பருவங்களுக்குத் திங்கள் இரவு ஆட்டங்களை ரோஜர்ஸ் அமேசான் பிரைமுக்கு விற்றது. 2025 ஜூலையில் பெல் நிறுவனத்தின் பங்கையும் வாங்கி, டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தாய் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்காளியானது. அணி, அதைக் காட்டும் சேனல், அந்தச் சேனலை வீட்டுக்குக் கொண்டுவரும் கேபிள் மூன்றும் ஒரே கையில்.

இலவசம் போனால் என்ன ஆகும் என்பதற்கு கியூபெக் மாகாணமே சாட்சி. பிரெஞ்சு மொழியில் ரேடியோ-கனடா 1952 முதல் காட்டிவந்த 'லா ஸ்வாரே து ஹாக்கே' 2004-இல் நின்றது. மொன்ட்ரியால் கனேடியன்ஸ் ஆட்டங்கள் ஆர்டிஎஸ் என்ற கேபிள் சேனலுக்குப் போயின. 2014-இல் தேசிய பிரெஞ்சு உரிமை டிவிஏ ஸ்போர்ட்ஸுக்குப் போனது. அதுவும் கட்டணச் சேனல்தான். அந்த அணியை உயிராக நினைக்கும் மாகாணம் அது. அங்கேயே சனிக்கிழமை ஹாக்கி அலைவரிசையிலிருந்து இறங்கியதும் திரும்பி ஏறவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பாரம்பரியம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

பெரிய ஆட்டங்களுக்குப் பெரிய கூட்டம் வேண்டும், ஆகவே உரிமையாளரே அவற்றை இலவசமாகக் காட்டுவார், சட்டம் எதற்கு என்று கேட்கலாம். பாதி உண்மை. இங்கிலாந்தில் 2006 முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஸ்கை சேனலின் சந்தாவுக்குள் போனது. 2019 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் சொந்த அணி நின்றபோது, ஸ்கை அதைச் சேனல் 4-உடன் பகிர்ந்துகொண்டது. ஆக, உச்சகட்டம் இலவசமாகக் கிடைக்கும். அதுவரை விளையாட்டைப் பழக்கும் நூறு சாதாரண மாலைகள் கிடைக்காது. கனடாவிலும் இலவச ஹாக்கி முழுதாக மறையும் என்று நான் நினைக்கவில்லை. என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று நிலைக்கும், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைகள்தான் மெலியும். 2008-இல் சிபிசியில் தொடங்கி, இப்போது ரோஜர்ஸின் ஆம்னி சேனலில் வரும் பஞ்சாபி வர்ணனையைக் கேட்டு ஹாக்கி கற்றுக்கொண்ட குடியேறிகளை உருவாக்கியவை அந்தச் சாதாரண மாலைகளே.

பிரிட்டன் 1996 சட்டத்தின்படி சில நிகழ்வுகளைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கிறது, ஆஸ்திரேலியாவிலும் அப்படியொரு பட்டியல் உண்டு, இந்தியாவில் 2007 சட்டம் முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிரச் சொல்கிறது. கனடாவில் எதுவும் இல்லை. ஒளிபரப்புச் சட்டத்தைத் திருத்திய 2023 இணைய ஒளிபரப்புச் சட்டத்திலும் இப்படியொரு பட்டியல் சேர்க்கப்படவில்லை. பட்டியல் போட்டால் உரிமையின் விலை விழும், வீரர்களுக்கு அமெரிக்க டாலரில் சம்பளம் கொடுக்கும் ஏழு கனடிய அணிகள் பாதிக்கப்படும் என்பது வலுவான மறுப்பு. வலுவானது என்பதால்தான் பட்டியல் குறுகியதாக இருக்க வேண்டும்: இறுதிச்சுற்று, வாரத்துக்கு ஓர் ஆட்டம். சிபிசி மக்கள் வரிப்பணத்தில் உரிமை வாங்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. விளம்பர வருவாய் ரோஜர்ஸிடமே இருக்கட்டும், ஆட்டம் திறந்த அலைவரிசையிலும் வரட்டும். 2014 முதல் நடந்துவருவதும் அதுதான், அதற்குச் சட்டத்தின் பிடிமானம் மட்டும் இல்லை.

ஆண்டெனாவை இன்று யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேலிக்கும் பதில் உண்டு. 2012 ஜூலை 31 அன்று அறுநூறுக்கும் மேற்பட்ட அனலாக் ஒளிபரப்பிகளை அணைத்தது சிபிசியேதான். 27 டிஜிட்டல் ஒளிபரப்பிகளே மிஞ்சின. சிற்றூர்க்காரர்களுக்கு அன்றே 'இலவசம்' முடிந்துவிட்டது. எனவே சட்டம் வருமானால் அது அலைவரிசையைச் சொல்லாமல் கட்டணத்தைச் சொல்ல வேண்டும். சந்தா கேட்காத சிபிசி ஜெம் போன்ற இணையத் தளமும் அதில் அடங்க வேண்டும்.

இதற்கிடையே ரோஜர்ஸின் வேலிக்கு வெளியே இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. 2024 ஜனவரி 1 அன்று முதல் ஆட்டம் ஆடிய பெண்கள் தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல், சிபிசியில் இடம்பெறுகிறது. 2014-க்குப் பிறகு குளிர்கால ஒலிம்பிக்குக்கு வீரர்களை அனுப்பாமல் இருந்த என்எச்எல், 2026, 2030 போட்டிகளுக்கு அனுப்ப 2024 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. ஒலிம்பிக்கின் கனடிய ஒளிபரப்பாளர் சிபிசி. 2010 வான்கூவர் ஆடவர் இறுதியாட்டத்தைச் சராசரியாக 1.66 கோடி கனடியர்கள் பார்த்தார்கள், அன்றும் கட்டணமில்லாத சிடிவியில் அது வந்தது.