ஒரு மணி நேர வறுமை

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு ‘சிமுலாசியோன்’ என்றால் முதலில் தோன்றுவது பாசாங்கு. நோயே இல்லாமல் நோயாளிபோல் நடிப்பதையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். செவிலியர் கல்வியிலோ அது மரியாதையான சொல். 1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளிக்கு ஆள் உயரப் பொம்மை ஒன்று வந்தது. மார்த்தா சேஸ் என்ற பொம்மைக் கலைஞர் செய்தது. ‘மிஸஸ் சேஸ்’ என்றே அதை அழைத்தார்கள். நோயாளியைப் புரட்டவும் உடை மாற்றவும் மாணவிகள் அதில் பழகினார்கள்.

உடம்பைப் பற்றிப் பொம்மை சொல்லிக்கொடுத்துவிட்டது. வறுமையைப் பற்றி யார் சொல்வது? முன்னோடிகள் நேரில் போய்க் கற்றார்கள். 1893-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், குடியேறிய பெண்களுக்கு வகுப்பு நடத்திய லிலியன் வால்ட் என்ற இளம் செவிலியரை, ஒரு சிறுமி பிரசவித்துக் கிடந்த தன் தாயிடம் அழைத்துப் போனாள். அந்த இடத்தைக் கண்டபின் வால்ட் அப்பகுதிக்கே குடிவந்தார். ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் அப்படி வளர்ந்ததுதான்.

எல்லா மாணவிகளையும் அப்படிக் குடியேற்ற முடியாது. இன்று அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் பலவற்றில், மிஸ்ஸூரி மாநிலச் சமூக அமைப்புகள் பரப்பிய ஒரு பயிற்சி நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரு வாரம். நான்கு வாரம், அதாவது ஒரு மணி நேரம், ஒரு மாதம். மாணவிகள் குடும்பங்களாகப் பிரிகிறார்கள். ஒருவர் வேலை இழந்தவர், ஒருவர் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி. சுற்றிலும் வங்கி, அடகுக்கடை, பள்ளி, உதவி அலுவலகம் என்று மேசைகள். எந்த மேசைக்குப் போகவும் பயணச் சீட்டு வேண்டும். வரிசையில் நிற்கும்போதே வாரம் முடிந்துவிடும்.

மனு வாங்கும் மேசைக்கு உட்புறம் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: அந்த மேசைகளில் அமர, வறுமையை அனுபவித்தவர்களையே கூடுமானவரை தேடி அழைக்கிறார்கள். வரிசையில் நிற்பது படித்த பிள்ளைகள்.

பயிற்சி முடிந்ததும் அவர்கள் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களே என்று கேட்கலாம். உண்மைதான். பசியை ஒரு மணி நேரத்தில் கற்பிக்க முடியாது. வறுமை காசை மட்டுமல்ல, நேரத்தையும் தின்னும் என்பதைக் கற்பிக்கலாம். நோயாளி குறித்த நாளில் வரவில்லை, மருந்து வாங்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுமுன், ‘பஸ்ஸுக்குக் காசு இருந்ததா? வந்தால் அன்றைய கூலி போய்விடுமா?’ என்று ஒரு செவிலியர் கேட்டால், அந்த ஒரு மணி நேரம் வீண் போகவில்லை.