எழுத்துப் பட்டியலும் எளிய மக்களும்

கல்முனைக் கரையோரத்து மக்கள் அனைவரும் அறிந்த யப்பானியச் சொல் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்கு முன்னர் மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அச்சொல்லைக் கேட்டிருந்தவர் மிகச் சிலரே. அதன் பின்னர் அதை அறியாத குழந்தையும் இங்கு இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டு சென்றது. 'சுனாமி' என்னும் அந்தச் சொல்லை யப்பானியர் இரண்டு எழுத்துகளால் எழுதுவர். முதலாவது துறைமுகத்தைக் குறிக்கும். இரண்டாவது அலையைக் குறிக்கும். அலைக்குரிய எழுத்தை அந்நாட்டுப் பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே கற்றுவிடுகிறது.

எந்த எழுத்தை எந்த வகுப்பில் கற்க வேண்டும் என்று வகுத்திருப்பது அரசாங்கத்தின் பட்டியல். பொது வழக்குக்குரியவை என்று இன்று அந்நாடு வரையறுத்திருக்கும் கன்ஜி எழுத்துகள் 2,136. இவற்றுள் 1,026 எழுத்துகளை ஆரம்பப் பாடசாலையின் ஆறு ஆண்டுகளுக்குள் பிள்ளைகள் கற்கின்றனர்; முதல் ஆண்டில் 80, இரண்டாம் ஆண்டில் 160, மூன்றாம் ஆண்டில் 200 என்று அது வளர்ந்து செல்லும். பார்ப்பதற்கு இது வகுப்பறை சார்ந்த சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால், வாசிக்கும் உரிமை யாருக்கு என்ற வினாவை முன்வைத்து அந்நாட்டில் நெடுங்காலம் நடந்த போராட்டத்தின் விளைவே அந்தப் பட்டியல். அப்போராட்டத்தின் வரலாறு நம் கரையோரத்துக்கும் அயலானதன்று.

கன்ஜி என்றால் சீன எழுத்து என்பது பொருள். நம் தமிழில் எழுத்துகள் 247 என்று கணக்கிட்டாலும், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அவை சேரும் முறையும் அறிந்த பிள்ளைக்கு எஞ்சியவை தாமே வசப்படும். கன்ஜியில் அப்படியன்று. அங்கே எழுத்து ஒலிக்கு மட்டும் உரியதாக நில்லாமல் ஒரு சொல்லுக்கு, ஒரு பொருளுக்கு உரியதாக நிற்கிறது. வடிவமும் ஒலியும் பொருளும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மனத்தில் பதிய வேண்டும். அத்தோடு அமையாது, ஒரே எழுத்துக்குச் சீனத்திலிருந்து வந்த ஒலி ஒன்றும் யப்பானியச் சொல்லின் ஒலி ஒன்றும் உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்து தனியே நிற்கையில் 'யாமா' என்று வாசிக்கப்படும். 'பூஜிசான்' என்று புகழ்பெற்ற மலையின் பெயரில் அதே எழுத்து 'சான்' ஆகும்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம் கன்ஜி இரவல் எழுத்து என்பதே. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டளவில் கொரியாவின் வழியாகச் சீன எழுத்து யப்பானில் வேரூன்றியது. சீன மொழியும் யப்பானிய மொழியும் ஒன்றோடொன்று உறவற்றவை. ஆகவே தம் பேச்சை எழுத விரும்பிய யப்பானியர், சீன எழுத்தின் பொருளை விடுத்து ஒலியை மட்டும் எடுத்தாளும் வழியைக் கண்டனர். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'மன்யோசு' என்னும் பெருந்தொகையின் 4,500க்கும் மேற்பட்ட பாடல்களில் இம்முறை பெருவழக்காக உள்ளது. யாழ்ப்பாணத்து அறிஞர் மனோன்மணி சண்முகதாஸ் இத்தொகையின் பாடல்களைத் தமிழில் தந்திருக்கிறார். இவ்வாறு ஒலிக்குப் பயன்பட்ட சீன எழுத்துகளே தேய்ந்து சுருங்கி, ஒன்பதாம் நூற்றாண்டில் கானா எழுத்துகளாயின.

கானாவை உயர்குலத்து ஆடவர் மதித்தாரல்லர். அரசாங்கமும் சமயமும் சட்டமும் சீனத்திலேயே நடந்தன. ஹிரகானாவுக்குப் 'பெண்களின் கை' என்ற பெயரே ஏற்பட்டது. தன் சகோதரனுக்குத் தந்தை சீனப் பாடம் சொல்லிக் கொடுக்கையில் அருகிருந்து கேட்டே முரசாக்கி சிக்கிபு அதைக் கற்றார். அவர் ஆணாகப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தியதாக அவருடைய நாட்குறிப்பு கூறுகிறது. அந்தப் பெண்ணே பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கெஞ்சி மொனொகத்தாரி' என்னும் பெருங்கதையை ஹிரகானாவில் எழுதி, உலக இலக்கியத்தில் அழியா இடம் பெற்றார்.

இந்த வரலாற்றை வாசிக்கும் கல்முனைக்குடி ஆசிரியருக்கோ அக்கரைப்பற்று மாணவருக்கோ அரபுத்தமிழ் நினைவுக்கு வராமற் போகாது. நம் முன்னோரும் இரவல் எழுத்தில் சொந்த மொழியை எழுதியவர்களே. குர்ஆன் பள்ளியில் பிள்ளை முதலில் கற்றது அலிபு, பே, தே என்னும் அரபு எழுத்தை. அரபியில் இல்லாத பகரம், டகரம், ணகரம், ளகரம், ழகரம் முதலிய ஒலிகளுக்கு, இருக்கின்ற எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டிப் புது வடிவங்களை அமைத்தனர். காயல்பட்டினமும் கீழக்கரையும் இலங்கைக் கரையோரங்களும் இந்த எழுத்தாற் பிணைக்கப்பட்டிருந்தன. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று மக்கள் அழைத்த செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) இயற்றிய 'பத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் மார்க்கச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டு சேர்த்தன. தமிழ்ப் பாடசாலையின் வாசலை மிதித்திராத பெண்கள் பலர் இந்த எழுத்தினாற்றான் தம் தாய்மொழியை வாசித்தனர். யப்பானியப் பெண்களுக்கு ஹிரகானா எதுவாயிற்றோ, இங்குள்ள பெண்களுக்கு அரபுத்தமிழ் அதுவாயிற்று.

எனினும் இரண்டின் முடிவும் ஒன்றன்று. கானா நாட்டின் பொது எழுத்தாக வளர்ந்தது. அரபுத்தமிழ் மங்கிப் போனது. அச்சுக்கூடமும் பாடசாலையும் பத்திரிகையும் தமிழ் எழுத்தையே பரப்பின. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். முஸ்லிம்கள் அரபியோடு தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்க வேண்டும் என்று வாதாடினார். பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் அமைத்தார். 1942இல் அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இக்கரையோரத்து உழவர் பிள்ளைகளின் கல்வி நிலையை நேரிற் கண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945இல் உருவான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அந்த அனுபவம் வித்தாயிற்று. அதே ஆண்டில் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. எழுத்தறிவு ஒரு சிலரின் சொத்து என்ற நிலை இவ்வாறு படிப்படியாகத் தகர்ந்தது.

யப்பானில் இதே தகர்ப்பு எழுத்தின் எண்ணிக்கையைச் சுற்றி நடந்தது. பின்னாளில் அந்நாட்டின் தபாற் சேவையை நிறுவிய மயேஜிமா ஹிசோக்கா, 1866இலேயே கன்ஜியைக் கைவிடுமாறு ஆட்சியாளருக்கு விண்ணப்பம் எழுதினார். எழுத்தைக் கற்பதிலேயே பிள்ளைப் பருவம் கழிந்துவிட்டால் அறிவியலையும் உலக நடப்பையும் கற்பது எப்போது என்பது அவருடைய கவலை. அது அன்று ஏற்கப்படவில்லை. 1872இல் பொதுக் கல்விச் சட்டம் வந்தது, பாடசாலைகள் பெருகின. ஆனால் பாடசாலையை விட்டு வெளியேறிய உழவனும் ஆலைத் தொழிலாளியும் பத்திரிகையைக் கையில் எடுத்தால், அதன் எழுத்துகளுட் பல அவர்களுக்கு இருளாகவே இருந்தன.

1923இல் 1,962 எழுத்துகள் கொண்ட பொது வழக்குப் பட்டியல் ஒன்று வரையப்பட்டது. செப்டம்பரில் அதைக் கைக்கொள்வதாகப் பத்திரிகைகள் உடன்பட்டிருந்தன. செப்டம்பர் 1ஆம் திகதி நிகழ்ந்த கந்தோப் பெருநிலநடுக்கம் தோக்கியோவையும் அந்த முயற்சியையும் ஒருங்கே சாய்த்தது. பின்னர் இராணுவ ஆதிக்கம் ஓங்கியது. கன்ஜியைக் குறைப்பது தேசத் துரோகம் என்று பழைமைவாதிகள் முழங்கினர். அதே இராணுவம், தன் சிப்பாய்கள் ஆயுதங்களின் உறுப்புப் பெயர்களை வாசிக்க இடர்ப்படுவதைக் கண்டு, 1940இல் அப்பெயர்களுக்குரிய எழுத்துகளை 1,235ஆகக் குறைத்துக்கொண்டது. உழவனின் மகன் பத்திரிகை வாசிப்பதற்காகக் குறையாத எழுத்து, அவன் துப்பாக்கி ஏந்துவதற்காகக் குறைந்தது. ஆளும் வர்க்கம் மக்களின் எழுத்தறிவை எந்த அளவுக்கு, எதற்காக விரும்புகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

போரில் தோற்ற பின்னரே பட்டியல் நிறைவேறியது. அமெரிக்கக் கல்விக் குழு உரோம எழுத்தை ஏற்குமாறு பரிந்துரைத்தது. யப்பானியர் அதை ஏற்காது தம் வழியைத் தெரிந்தனர். 1946 நவம்பர் 3ஆம் திகதி புதிய அரசியலமைப்பு வெளியாயிற்று. பழைய செந்நடையை நீக்கி, பேச்சுக்கு நெருங்கிய நடையில் ஹிரகானா கலந்து அது எழுதப்பட்டது. அதே மாதம் 16ஆம் திகதி, 1,850 எழுத்துகள் கொண்ட 'தோயோ கன்ஜி' என்னும் நடப்பு வழக்குப் பட்டியல் அறிவிக்கப்பட்டது. நாவலாசிரியர் யமமோத்தோ யூசோ இவ்விரு முயற்சிகளிலும் பங்கு கொண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. குடிமகனுக்கு உரிமை வழங்கும் சாசனத்தை அக்குடிமகன் வாசிக்க முடிய வேண்டும் என்ற ஒரே எண்ணமே இரண்டையும் இணைத்தது.

1948இல் ஏறத்தாழ 17,000 பேரைத் தெரிந்தெடுத்து எழுத்தறிவுச் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. முற்றும் எழுத்தறியாதவர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. ஆனால் அன்றாட வாழ்வுக்குரிய வினாக்கள் அனைத்துக்கும் பிழையற விடையளித்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கையொப்பமிடத் தெரிந்தால் எழுத்தறிவு என்று கணக்கிடும் புள்ளிவிபரங்கள் மறைக்கின்ற உண்மை இதுவே.

இந்தப் பட்டியல் மாணவன் கற்க வேண்டியதை மாத்திரம் கூறவில்லை; எழுதுவோரையும் அது கட்டுப்படுத்தியது. சட்டமும் அறிவித்தலும் பத்திரிகையும் இந்த எழுத்துகளுக்குள் நின்று எழுத வேண்டும். வேறு எழுத்து தேவைப்படின் கானாவில் எழுதவோ வேறு சொல்லைத் தேடவோ வேண்டும் என்ற கடப்பாடு உண்டாயிற்று. கட்டாயப் பாடசாலையில் மக்கள் கற்றதைக் கொண்டே அரசாங்கம் அவர்களோடு பேசும் என்பது இதிலடங்கிய உடன்படிக்கை. பாமரன் படித்தவனின் நிலைக்கு ஏறி வரட்டும் என்று காத்திராது, படித்தவனைப் பாமரனை நோக்கி ஓரடி நடக்கச் செய்தது அது.

குறைகளும் இல்லாமலில்லை. பழைய நூல்களுக்கும் இளந்தலைமுறைக்கும் இடையே சுவர் எழுந்தது என்று இலக்கியவாதிகள் குறைபட்டனர். 1981இல் 1,945 எழுத்துகளுடன் வந்த 'ஜோயோ கன்ஜி' பட்டியல், கட்டுப்பாடு என்ற நிலையிலிருந்து வழிகாட்டி என்ற நிலைக்கு இறங்கியது. கணினி பரவிய பின்னர் எழுதுவது எளிதாயிற்று. 2010இல் பட்டியல் 2,136 எழுத்துகளாக விரிந்தது. 29 கோடுகள் கொண்ட, மனச்சோர்வைக் குறிக்கும் எழுத்தும் அப்போது இடம் பெற்றது. எனினும் பட்டியல் வேண்டும் என்ற அடிப்படையை அந்நாடு கைவிடவில்லை.

இனி நம் கரையோரத்துப் பிள்ளையைப் பார்ப்போம். அது வலமிருந்து இடமாக அரபு எழுத்தையும், இடமிருந்து வலமாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கற்கிறது. நான்கு எழுத்து முறைகளைத் தாங்கும் அதன் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சித்திலெப்பை விரும்பியதும் அதுவே. வினா பிள்ளையைப் பற்றியதன்று, பிள்ளையின் பெற்றோருக்குக் கடிதம் எழுதும் அரசாங்கத்தைப் பற்றியது. 1956இன் தனிச் சிங்களச் சட்டம், தமிழ் பேசும் உழவனையும் மீனவனையும் நெசவாளியையும் ஒரே நாளில் அரச காரியத்தில் எழுத்தறியாதவர்களாக்கிற்று. 1987இல் அரசியலமைப்புக்கான பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. ஆயினும் சுற்றுநிருபமும் படிவமும் புரியாத எழுத்தில் வந்து சேர்கின்றன என்ற முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. தமிழில் வருவனவற்றிலும் மொழிபெயர்ப்பின் முடிச்சை அவிழ்க்க ஆசிரியரைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. சட்டம் உண்டு, எழுதுவோரைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை இன்னும் மனத்தளவில் உண்டாகவில்லை. கடுந்தமிழை அறிவின் அடையாளமாகக் கருதும் நம்முடைய சஞ்சிகைகளும் இக்குற்றத்திலிருந்து முற்றும் விடுபட்டவையல்ல.

யப்பானின் வடகிழக்குக் கரையில் அனெயோஷி என்றொரு சிற்றூர் உள்ளது. 1933ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் அவ்வூரார் மலைச்சரிவில் ஒரு கல்லை நட்டு, அதற்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்று தம் பின்னோருக்கு எழுதி வைத்தனர். அவர்கள் அதை வாசித்தனர், வாசித்தபடி நடந்தனர். 2011 மார்ச் 11ஆம் திகதி கடல் பொங்கியபோது அலை அந்தக் கல்லை எட்டாது கீழேயே நின்றது. மேலிருந்த வீடுகள் தப்பின. கல்லை நட்டவர்கள் புலமையைக் காட்ட எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அரசாங்க அறிவித்தலாயினும் பாடநூலாயினும் நம்முடைய கட்டுரையாயினும், சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை இழுப்பவர் தாமே வாசித்து விளங்கிக்கொள்ளும்படி இருக்கிறதா என்று கேட்பதிலிருந்து ஆசிரியர்களாகிய நாம் தொடங்குவோம்.