பாதிக்கு மேல்

2024 மார்ச்சில் ஒரு ராத்திரி, வருமானவரிப் படிவத்தில் அம்மாவின் பெயரைச் சார்ந்திருப்பவர் என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸில் எங்கள் வீட்டில்தான் அம்மா இருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதிலிருந்து, வருமானமும் சேமிப்பும் இல்லாத முதியவர்களுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை அவருக்கு மாதாமாதம் வருகிறது.

"அதான் கவர்மெண்டே எனக்குப் படியளக்குதே, நீ எதுக்குடா என் பேர எழுதுற?" என்றார்.

நியாயமான கேள்வி. அமெரிக்கா நூறு வருடங்களாக இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

1913இல் இன்றைய வருமானவரி தொடங்கியபோது, தனி ஆளுக்கு 3,000 டாலர், தம்பதிக்கு 4,000 டாலர் வரை வரி கிடையாது. பிள்ளைகளுக்கென்று தனிக் கழிவு இல்லை. அப்போது வரி கட்டியவர்கள் பணக்காரர்கள்தான். 1917இல் போர்ச் செலவுக்காக வரம்பை 1,000, 2,000 என்று இறக்கினார்கள். பிள்ளைகுட்டிக்காரர்களும் வலைக்குள் வந்தார்கள். கூடவே, பிள்ளைக்கு 200 டாலர் கழிவும் வந்தது.

அன்று யார் யாருக்குச் சோறு போடுகிறார் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதைக் கலைத்தது. வயதானவர்களுக்கு ஓய்வூதியம், ஏழை முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவித்தொகை. மகன், அரசு என்று ஒரே தட்டில் இரண்டு கைகள் பரிமாறின. 1944இல் சட்டம் ஒரு கோடு போட்டது: ஒருவருடைய வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீ கொடுத்திருந்தால் அவர் உன்னைச் சார்ந்தவர்.

கேட்க எளிது, கணக்குப் போடும்போதுதான் தலை சுற்றும். அம்மா ஓய்வூதியத்தில் சாப்பிட்டால் அது அவரே தன்னைப் பார்த்துக்கொண்டதாகும். ஏழைகளுக்கான உதவியில் சாப்பிட்டால் அது அரசு பார்த்துக்கொண்டது. எப்படியானாலும் என் கணக்கில் ஏறாது. வந்த பணத்தை அவர் செலவழிக்காமல் வைத்திருந்தாலோ, அது யார் கணக்கிலும் இல்லை.

இதில் பொய்யும் புகுந்தது. 1986 வரை படிவத்தில் பிள்ளையின் பெயரை எழுதினால் போதும். ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும் என்று அந்த வருடச் சட்டம் சொன்னது. அடுத்த வருடப் படிவங்களில் சுமார் 70 லட்சம் பிள்ளைகள் காணாமல் போனார்கள்! பலர் பிறக்கவே இல்லை. சிலரை, பிரிந்த அப்பாவும் அம்மாவும் தனித்தனியே எழுதியிருந்தார்கள்.

2005 முதல் பிள்ளைகள் விஷயத்தில் கேள்வியையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். நீ பாதிக்கு மேல் கொடுத்தாயா என்பதில்லை. பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொண்டதா என்பதுதான். அதனால் அரசு உதவியில் வளரும் பிள்ளையையும் ஏழைத் தாய் தன் பிள்ளை என்று எழுதலாம். பெற்றோருக்குப் பழைய கோடுதான்.

எஸ்.எஸ்.ஐ.க்கு வேறொரு கணக்கு. 1974இல் அது தொடங்கியதிலிருந்தே, இன்னொருவர் வீட்டில் இருந்துகொண்டு சோறும் இருப்பிடமும் சும்மா பெற்றால் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. 2023இல் முழுத்தொகை மாதம் 914 டாலர். நான் சோறு போடுவதால் அம்மாவுக்கு வந்தது 609 சொச்சம். "அம்மாவுக்குச் சோறு போடுகிறேன்" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னால் வரி குறைகிறது. அதையே இன்னொரு அலுவலகத்தில் சொன்னால் அம்மாவின் பணம் குறைகிறது. ஆளுக்கொன்று சொல்லிவிடலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது.

தாளை எடுத்தேன். அவருடைய அறைக்கு ஊர் வாடகை மாதம் 800, சாப்பாடு 300. வருடத்துக்கு 13,200. மருந்து, துணி, போன் என்று அவர் தன் பணத்தில் செலவழித்தது 6,000 இருக்கும். மிச்சத்தைப் பேரனுக்கும் கோவில் உண்டியலுக்கும் கொடுத்துவிட்டார். மொத்தம் 19,200. பாதி 9,600. நான் தாண்டிவிட்டேன். வரியில் 500 டாலர் குறையும்.

"பாதிக்கு மேல நான்தாம்மா" என்றேன்.

"சரி. அந்தச் சோத்த தெனம் வடிக்கிறது யாரு?"

படிவத்தில் தேடினேன். அதற்குக் கட்டம் இல்லை. அம்மாவின் பெயரை எழுதினேன்.