வெள்ளி இழைத்த துப்பாக்கிகள்

உயிரைப் பறிக்கும் கருவிக்கு எதற்கு இத்தனை அலங்காரம்? 18ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் துப்பாக்கிகளைக் காணும்போது நம்முள் எழும் முதற்கேள்வி இதுவே. விடை தேடுமுன், அவை உருவான விதத்தைச் சற்று நோக்குவோம்.

ஒரு துப்பாக்கி ஒருவர் கைவேலையன்று. குழலை அடிப்பவர் ஒருவர். சக்கிமுக்கிக் கல் பொருந்தும் விசைப்பொறியை அராவுபவர் வேறொருவர். வால்நட் மரக்கட்டையைக் கடைந்து பொருத்துபவர், உலோகத்தில் சித்திரம் செதுக்குபவர் எனப் பலர். உயர்தரக் குழல்களுக்குத் தேய்ந்த லாட ஆணிகளைத் திரட்டிக் காய்ச்சி, பட்டையாக அடித்து, ஒரு கம்பியின்மேல் சுருளாகச் சுற்றிப் பற்றவைத்தனர். பின்னர் அதன்மேல் பக்குவமாகத் துருவேற்றித் தேய்க்க, சுருளின் வரிகள் பழுப்பு நிறத்தில் தெளிந்து தோன்றும். துருவையே அணியாக்கிய திறன் அது.

மரக்கட்டையில் வெள்ளி இழைப்பது இன்னும் நுட்பமானது. கொடியும் இலையுமாகக் கோடுகளை மெல்லக் கீறி, தட்டையான வெள்ளிக் கம்பியை அவற்றில் நிறுத்தி அழுத்துவர். நீர் பட்டு மரம் உப்பும்போது அது கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும்.

குழலுக்கோ அழகு மட்டும் போதாது. 1637இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம், குழல்களில் வழக்கத்தினும் மிகுதியாக மருந்திட்டு வெடித்துச் சோதித்தது. தாங்கியவற்றுக்கே கிரீடம் பொறித்த முத்திரை. வெள்ளி உறுப்புகளில் உள்ள தர முத்திரையின் ஆண்டெழுத்தோ இன்று காலத்தைக் கணிக்க உதவுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள, சாமுவேல் பிரன் பெயர் தாங்கிய இணைத் துப்பாக்கிகள் 1800-1801ஐச் சேர்ந்தவை. அவற்றின் வெள்ளி வேலையைச் செய்தவர் மைக்கேல் பார்னெட். இவ்வாறு பெயர் மிஞ்சியவர் சிலரே. விசைப்பொறியில் பொறிக்கப்படுவது கடைக்காரரின் பெயர். செதுக்கியவரின் பெயர் அன்று.

நூற்றாண்டின் இறுதியில் சுவை மாறிற்று. ஜான் மேன்டன், ஜோசப் மேன்டன் சகோதரர்கள் அலங்காரத்தைக் குறைத்து, வடிவின் செம்மையையும் பொறியின் துல்லியத்தையுமே அழகாக்கினர். வேட்டைச் சீமான்கள் அதற்கே பெருவிலை தந்தனர். ஆயினும் ஜோசப் 1826இல் திவாலானார்.

இவை செல்வர்க்கு உரியவை. அதே நூற்றாண்டில் பர்மிங்காமில் எளிய துப்பாக்கிகள் பெருந்தொகையாக உருவாகி, போர்ப்படைகளுக்கும், அடிமை வணிகம் நடந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் சென்றன. அத்தொழிலில் பொருளீட்டிய சாமுவேல் கால்டன், போரை மறுக்கும் குவேக்கர் சமயக் குழுவினர். 1795இல் அக்குழு அவரைக் கண்டித்தது. மறு ஆண்டு விலக்கிவைத்தது. வரி செலுத்துவோர் உட்பட எவரும் போரின் தொடர்பிலிருந்து முற்றும் விலகியவர் அல்லர் என்பது அவரது வாதம். அதை எளிதில் ஒதுக்க இயலவில்லை. ஏற்கவும் மனம் ஒப்பவில்லை.

முதற்கேள்விக்கு வருவோம். வெள்ளி இழைத்த துப்பாக்கி சுடுவதற்கு மட்டுமன்று. உடையவரின் தகுதியைக் காட்டுவதற்கும் பரிசளிப்பதற்கும்கூட. அதனாலேயே பத்திரமாகப் பேணப்பட்டு நம் காலம்வரை வந்தது. களத்தில் உழன்ற எளிய துப்பாக்கிகளோ தேய்ந்தன, உடைந்தன, பழைய இரும்பாயின. கண்ணாடிப் பேழையில் நாம் வியப்பவற்றைக் கொண்டே அக்காலத்தை மதிப்பிட்டால், வரலாற்றின் அலங்காரப் பக்கத்தை மட்டுமே படித்தவராவோம். கைவினைஞரின் திறனைப் போற்றுவோம். பேழைக்கு வராத துப்பாக்கிகளையும் அவை சென்ற கரைகளையும் உடன் நினைப்போம்.